விட்ட பிறகு வந்த நோய்

என் வீட்டுக்காரர் மணியம் குடியை விட்டதால்தான் செத்தார் என்று எங்கள் தோட்டத்தில் இன்னமும் சிலர் சொல்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களிலும் அதே பேச்சுதான். புக்கிட் ரோத்தானில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதை நானே கேட்டேன். "நல்லாத்தான் இருந்தான் லா. தண்ணிய விட்டான், வயிறு ஊதிப் போச்சு, செத்தான். பழகுன ஒடம்பு, நிறுத்துனா தாங்குமா?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து மகள் புஷ்பாவிடம் சொல்லி அழுதேன். "நீ வாயால சொல்ல வேணாம்மா. நடந்தத எழுதிக் குடு. படிக்கிறவங்க படிக்கட்டும்" என்றாள். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அவரும் பால்வெட்டுக்காரர்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடித்தார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் குடிக்காத ஆண்பிள்ளை என்று விரல் நீட்டிக் காட்ட யாரும் இல்லை. முதலில் கள்ளு. பிறகு சம்சு. சம்சு என்பது சின்னச் சின்ன பாட்டிலில் வருகிற மலிவுச் சாராயம். தோட்ட வாசலில் இருக்கும் கடையில் அரிசி, கருவாடு, சோப்பு எல்லாவற்றோடும் அதுவும் அலமாரியில் நிற்கும். அவர் அடிக்கிற ஆள் இல்லை. குடித்தால் பாடுவார், பிறகு அழுவார், பிறகு தூங்கிவிடுவார். ஆனால் சம்பளத்தன்றைக்கு அவர் வீடு வந்து சேரும்வரைக்கும் நானும் புஷ்பாவும் சோற்றுப் பானையைத் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். அந்தக் காத்திருப்பு எனக்குப் பழகவே இல்லை.

அவரோடு சேர்ந்து குடிக்கிற சின்னையா ஒரு நாள் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக் கால்வாயில் கிடந்தார். தூக்கும்போதே உயிர் இல்லை. சாவு வீட்டில் வழக்கம்போல பாட்டில்கள் வந்தன. எடுக்கிறவர்கள் குடித்தார்கள், மேளம் அடிக்கிறவர்கள் குடித்தார்கள். என் வீட்டுக்காரர் பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் ஏனோ குடிக்கவில்லை. அதனால் அவர் கை நடுங்கியது. அவர் பிடித்த மூலை மட்டும் ஆடிக்கொண்டே போனது. பெண்கள் நாங்கள் லயத்து முனையில் நின்று பார்த்தோம்.

குளித்துவிட்டு வந்து பின்கட்டில் உட்கார்ந்தார். பிறகு, "கை நிக்க மாட்டேங்குது பார்வதி. சின்னையாவ ஒழுங்காத் தூக்கிட்டுப் போகக்கூட முடியல" என்றார்.

மறுநாள் அவராகவே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கே டிரசர் அந்தோணிசாமி இருந்தார். தோட்டத்தில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பெரிய வியாதி என்றால் சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் டிரசர்தான். அவர் சொன்னதை நான் இங்கே தெளிவாக எழுத வேண்டும். ஊர்ப் பேச்சில் குழம்பிப்போனது இதுதான்.

"ரொம்ப நாளா ஊத்துன ஒடம்பு, மணியம். வீட்ல படுத்துக்கிட்டு திடீர்னு நிறுத்தக்கூடாது. ரெண்டு மூணு நாள்ல நடுக்கம் வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வந்தா ஆளையே கொன்னுடும். ஆஸ்பத்திரியில இருந்து மாத்திரை போட்டுக்கிட்டு நிறுத்தணும். அந்த ஒரு வாரத்தத் தாண்டிட்டா ஆபத்து போயிடும்."

அவர் ஆஸ்பத்திரியில் இருந்துதான் நிறுத்தினார். அந்த வாரத்தைத் தாண்டினார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் போயிற்று, இன்னொரு வருஷமும் போயிற்று. நிறுத்தியதால் வரும் ஆபத்து அந்த முதல் வாரத்தோடு முடிந்துவிட்டது. ரெண்டு வருஷம் கழித்து வந்தது வேறு.

அந்த ரெண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்லாமல் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் நிம்மதியாக இருந்த நாட்கள் அவைதான்.

பால்வெட்டு வேலை மதியத்தோடு முடிந்துவிடும். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மூன்று மணி. ஆண்கள் ஒவ்வொருவராகக் கடைப்பக்கம் நடக்கிற நேரம் அது. கடைக்குப் போகும் பாதை பந்து விளையாடும் திடலை ஒட்டிப் போகும். திடலோரம் ஒரு பழைய கொட்டகை சும்மா கிடந்தது. அவர் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மூலமாக மேனேஜரிடம் கேட்டு அதைக் கூட்டிச் சுத்தம் செய்தார். மூன்று மணிக்கு அங்கே போய் உட்கார்ந்தார். நான் ஒரு பெரிய கெட்டிலில் டீ போட்டு, கச்சான் என்கிற வேர்க்கடலை அவித்துக் கொண்டுபோய் வைத்தேன்.

"யாரையும் குடிக்காதேன்னு சொல்ல மாட்டேன்" என்பார். "அப்படிச் சொன்னா நானே கேட்டிருக்க மாட்டேன். போறவனக் கூப்பிட்டு ஒக்கார வெச்சா போதும். அந்த நேரம் தாண்டிருச்சுன்னா பாதி நாள் தாண்டிரும்."

முதலில் சிரித்தார்கள். டீத்தண்ணி சங்கம் என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வா, தலைவர் பதவி காலியா இருக்கு" என்று கூப்பிட்டார். ஒருவர் வந்தார், பிறகு இன்னொருவர். டிரசர் ஒரு கேரம் பலகை வாங்கிக் கொடுத்தார். இளவட்டங்கள் வலை கட்டி வாலிபால் ஆட ஆரம்பித்தார்கள். நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்களை டிரசர் முறையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சம்பளத்தன்றைக்கு மட்டும் எல்லோரும் இருட்டும்வரைக்கும் கொட்டகையிலேயே சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள், யாரும் தனியாக வீட்டுக்கு நடக்கக் கூடாது என்று. கடை முதலாளியான தவுக்கே, வியாபாரம் போகிறது என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார். ஆனால் அவர்தான் தீபாவளிக்கு ஒரு பெட்டி ஆரஞ்சுத் தண்ணி கொட்டகைக்கு அனுப்பினார்.

கடைசியாக வந்து சேர்ந்தவன் கோவிந்தன். செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை. பலசாலி. குடித்தால் நிற்கத் தெரியாதவன். அவன் பெண்சாதி பாக்கியம் என்னோடு சேர்ந்து டீ போட வருவாள். அவன் இரண்டு முறை விட்டு இரண்டு முறையும் திரும்பப் போனான். ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரர் அவன் வீட்டு வாசலில் போய் நின்று கூட்டிக்கொண்டு வந்தார். "வெக்கப்படாத வா. நேத்து நேத்தோட போச்சு" என்பார். அதைத் தவிர வேறு புத்திமதி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்றாம் முறை கோவிந்தன் நின்றான்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் கால்சட்டை பொத்தான் மாட்டவில்லை. "டீயும் கச்சானும் தின்னு தொந்தி விழுந்திருச்சு" என்று கொட்டகையில் கிண்டல் செய்தார்கள். அவரும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறுதான் பெருத்தது. கையும் தோளும் மெலிந்துகொண்டே போயின. சாயங்காலம் காலில் சிலிப்பர் அச்சு அப்படியே பதிந்திருந்தது. உடம்பெல்லாம் அரிக்கிறது என்றார். தடியும் கத்தியுமாகக் காட்டில் ஓடுகிற மனுஷன், பாதி வெட்டில் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

டிரசர் அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். மாவில் அழுத்தியதுபோல குழி அப்படியே நின்றது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள். டிரசர் அவரோடு கேரம் ஆடுகிறவர், எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர். அன்றைக்கு மெதுவாகச் சீட்டு எழுதினார்.

"ஒடனே போ மணியம். பார்வதி, நீயும் கூடப் போம்மா."

சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். ஜெராம், காப்பார் எல்லாம் ஜன்னலில் போயின. அவர் படுத்துக்கொண்டே, "ஆம்புலன்ஸ்ல போறது சொகமாத்தான் இருக்கு" என்றார். என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

ஆண்கள் வார்டு நீளமாக இருந்தது. இரண்டு வரிசைக் கட்டில்கள், மேலே காற்றாடிகள். முதல் சில நாட்கள் வெறும் சோதனைகள்தான். இரத்தம் எடுத்தார்கள். வயிற்றின் மேல் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து நகர்த்தி டெலிவிஷன் மாதிரிப் பெட்டியில் உள்ளே பார்த்தார்கள். அதற்குப் பெயர் ஸ்கேன். வலிக்காது. ஆனால் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பது வலித்தது. உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பெயர் கூப்பிடும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்போம்.

டாக்டர் ஒரு இளம் மலாய்ப் பெண். கெடாவிலிருந்து வந்தவர் என்று மிஸ்ஸி சொன்னாள். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். அந்த மிஸ்ஸி காப்பார்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண், பெயர் தனம். எனக்கு மலாய் சந்தைக்குப் பேசுகிற அளவுதான் வரும் என்பதால் தனம்தான் எங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றாள்.

கல்லீரல் என்பது வலதுபக்க விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. நாம் சாப்பிடுவதையும் குடிப்பதையும் சுத்தம் செய்து இரத்தத்துக்குக் கொடுப்பது அதுதான் என்றார்கள். சாராயம் அதைப் புண்ணாக்கும். புண் ஆறும், திரும்பவும் புண்ணாகும். வருஷக்கணக்கில் அப்படி ஆகி ஆகி கடைசியில் முழுவதும் தழும்பாகக் கெட்டியாகிவிடுகிறது. அதற்குள் இரத்தம் ஓட முடியாது. ஓட முடியாத இரத்தத்திலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்குகிறது. அதுதான் இந்த வயிறு.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "வெளங்குதா பார்வதி? கத்தி ஆழமாப் போய் மரத்துல பட்டுட்டா பட்டை முண்டு முண்டா வளருமில்ல? அந்த எடத்துல அப்புறம் பாலே வராது. அந்த மாதிரிதான் ஆயிருக்கு" என்றார்.

தனம் அதை டாக்டருக்குச் சொன்னாள். டாக்டர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"ஆனா நான் விட்டுட்டேனே, டாக்டர். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு சொட்டு தொடல."

இதைக் கேட்டபோது அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. ஏமாற்றிவிட்டார்களே என்கிற குரல். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அதுவரை எந்த டாக்டரும் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மெதுவாகப் பேசினார். தனம் சொன்னாள்:

"நீங்க விடுறதுக்கு முன்னாடியே தழும்பு உண்டாயிருச்சாம், அண்ணே. அது வெளிய தெரியாம உள்ளுக்குள்ள இருந்திருக்கு. விடாம இருந்திருந்தா உங்கள எப்பவோ பறிகொடுத்திருப்போம்னு சொல்றாங்க. இந்த ரெண்டு வருஷம் நீங்க விட்டதால கெடச்சதாம்."

அவர் காற்றாடியைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் எவ்வளவு கெடைக்கும்?" என்று கேட்டார். தனம் அதை மொழிபெயர்க்கவில்லை. டாக்டருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் நான் விரும்பவில்லை.

வயிறு மூச்சை முட்டும்போது நீரை இறக்கினார்கள். தொப்புளுக்குக் கீழே ஒரு பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயைச் சொருகி, கீழே பாட்டில் வைப்பார்கள். மஞ்சள் நீர் இறங்கும். இறங்கிய அன்றைக்கு அவருக்கு முகமே மாறிவிடும். எழுந்து உட்கார்ந்து கதை பேசுவார். பிறகு நாளாக ஆகத் திரும்ப நிறையும்.

உப்பு கூடவே கூடாது என்றார்கள். உப்பு நீரைப் பிடித்து வைக்கும். கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவர் அவர். பக்கத்துக் கட்டிலில் சுங்கை செம்பிலாங் மீனவர் ஒருவர் சிறுநீரகக் கோளாறோடு இருந்தார். அவருக்கும் உப்பு கிடையாது. அவர் மனைவியை நான் காக்கா என்று கூப்பிட்டேன். மலாய்க்காரர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் உப்பில்லாமல் மீனை இஞ்சியும் எலுமிச்சைப் புல்லும் போட்டு அவித்துக் கொண்டுவருவார். நாலாம் நாளிலிருந்து இரண்டு டப்பா வந்தது. ஒன்று தன் புருஷனுக்கு, இன்னொன்று என் புருஷனுக்கு. நான் நன்றி சொல்லப் போனால் என் வாயைப் பொத்துவார். என் வீட்டுக்காரர் அந்த மீனை முள் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டு, "உப்பில்லாத கடல்ல புடிச்சதுபோல" என்பார். மீனவர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

ஆண்கள் வார்டில் ராத்திரி பெண்கள் தங்கக் கூடாது. புஷ்பா ஃபேக்டரியில் வேலை செய்தாள். கிள்ளானில் தோழிகளோடு ஒரு அறை எடுத்திருந்தாள். அங்கே அவர்களோடு தரையில் படுத்துக்கொள்வேன். தெரியாத அந்தப் பெண்கள் எனக்கென்று ஒரு தலையணையை ஒதுக்கிவிட்டு ஒருத்தி தலையணை இல்லாமல் தூங்கினாள். விளக்கு அணைந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது. காலையில் காக்கா தன் புருஷனிடம் கேட்டு எனக்குச் சொல்வார். தூங்கினார், தூங்கவில்லை, உங்கள் பெயரைச் சொன்னார். நல்லதை மட்டும்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று பாக்கியம் வந்து சொன்னாள். பஸ் மாறி, கூடையில் பழத்தோடு வந்தாள். வார்டுக்கு வெளியே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, கொட்டகைக்கு ஆள் வர்றதில்ல. அண்ணனுக்கு இப்படி ஆனதிலேருந்து எல்லாரும் பயந்துட்டாங்க. விட்டதாலதான் ரத்தம் கெட்டுப் போச்சுங்கிறாங்க. ஏழெட்டு பேரு மறுபடி கடைக்குப் போயிட்டாங்க. டிரசர் தலைபாடா அடிச்சிக்கிறாரு, யாரும் கேக்கல."

"கோவிந்தன்?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் இதை அவரிடம் சொல்லாமல் மறைக்க நினைத்தேன். அதற்கு வழி இல்லாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தனே வந்து நின்றான். கட்டில் பக்கத்தில் வந்ததும் சம்சு வாடை வந்தது. காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் என் வீட்டுக்காரரின் காலடியில் நின்று, அவ்வளவு பெரிய ஆள், குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நீங்க சொன்னீங்கன்னுதானே அண்ணே விட்டேன். நீங்களே இப்படிக் கெடந்தா நான் எத நம்புறது?"

நான் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போக எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்க வா, கோவிந்தா."

சட்டைப் பொத்தானைத் தானே கழற்றினார். வயிறு இறுகி, தோல் பளபளத்து, தொப்புளைச் சுற்றி நீல நரம்புகள் கிளை கிளையாக ஓடின. கோவிந்தனின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

"அழுத்திப் பாரு. பயப்படாத. இது டீ குடிச்சு வந்ததா?"

கோவிந்தன் கையை இழுத்துக்கொண்டான்.

"நான் உன் வயசுல விட்டிருந்தா இது வந்திருக்காது. லேட்டா விட்டேன், அதான். உனக்கு இன்னும் லேட் ஆகல. மிஸ்ஸி, டாக்டரக் கூப்பிடும்மா. இவனுக்கும் ஒரு தடவ சொல்லட்டும்."

டாக்டர் வந்தார். அன்றைக்கு அவருக்கு வேலை நாள்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. கோவிந்தனுக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். போகும்போது என் வீட்டுக்காரர், "வெக்கப்படாத. நேத்து நேத்தோட போச்சு" என்றார். அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அவன் போன பிறகு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அதுவரை சாவைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை.

"நான் போனா ஒரு பாட்டில்கூட வரக் கூடாது பார்வதி. எடுக்கிறவனுக்கும் கிடையாது, மேளக்காரனுக்கும் கிடையாது. கோவிச்சுக்கிட்டு யாரும் வரலேன்னா பரவால்ல. நீயும் பிள்ளையும் டிரசரும் இருந்தாப் போதும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க" என்றேன்.

"சரின்னு சொல்லு."

சொன்னேன்.

அடுத்த வாரம் அவர் பேச்சு குழம்ப ஆரம்பித்தது. கல்லீரல் வடிகட்டாமல் விட்ட விஷம் தலைக்கு ஏறுகிறது என்று தனம் சொன்னாள். விஷத்தை வயிற்றோடு வெளியேற்ற ஒரு இனிப்புப் பாகு கொடுத்தார்கள். குடித்தால் பேதியாகும். பேதியானால் கொஞ்சம் தெளியும். பகலில் தூங்கினார். என்னைச் சில நேரம் தன் தங்கை என்று நினைத்தார். "பால் ஒறையுது, வாளிய எடு" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னால் இறக்கை அடிப்பதுபோலப் படபடவென்று அடித்துக்கொண்டது. குடியின் நடுக்கம் அல்ல அது. ஆனால் அதைப் பார்த்து அவரே பயந்து, "நான் குடிக்கல, நான் குடிக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரோ குற்றம் சாட்டியதுபோல, வார்டில் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். நான் அவர் காதில், "தெரியும்ங்க, நீங்க குடிக்கல, எனக்குத் தெரியும்" என்றேன். எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அது போய்ச் சேரவில்லை. என் மனசை விட்டுப் போகாதது இதுதான். வலியில் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், இரத்த வாந்தி எடுத்தார். உணவுக் குழாயில் நரம்பு வீங்கி வெடித்துவிட்டது என்றார்கள். திரையை இழுத்தார்கள். எல்லோரும் ஓடினார்கள். யாரும் குறை வைக்கவில்லை. காக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அரபியில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். புஷ்பா ஃபேக்டரி உடுப்போடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தனம் அவர் முகத்தைத் துடைத்து, தலை சீவி விட்டிருந்தாள். அவர் எப்போதும் வகிடு எடுக்கிற பக்கத்திலேயே எடுத்திருந்தாள்.

தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். மண்டோர் வந்து, "எடுக்கிறவங்களுக்கு ஏதாச்சும் ஏற்பாடு பண்ணணுமேம்மா" என்று தயங்கினார். நான் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இந்த வீட்டுக்கு ஒரு பாட்டில் வந்தாலும் அவர நான் தூக்க விட மாட்டேன்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முணுமுணுப்பு எழுந்தது. மேளக்காரர்கள் போய்விட்டார்கள். சில ஆண்கள் மெல்ல நழுவினார்கள். கடைசியில் தோள் கொடுக்க நின்றது டிரசர், மண்டோர், கொட்டகையை விட்டுப் போகாத ஒன்றிரண்டு பேர். மேளம் இல்லாமல் எடுத்தோம். அவ்வளவு அமைதியான சாவு எங்கள் தோட்டத்தில் நடந்ததில்லை. கோவிந்தன் வரவில்லை. பாக்கியம் மட்டும் வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் அந்த டாக்டர் தன் விடுமுறையில் தனத்தோடு தோட்டத்துக்கு வந்தார். டிரசர் ஏற்பாடு. கொட்டகையில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். வந்தவர்களைப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே கைவைத்துப் பார்த்தார். பாக்கியமும் நானும் கோவிந்தனை வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இழுத்து வந்தோம். அவன் வயிற்றில் கைவைத்த டாக்டர் நிமிர்ந்து டிரசரைப் பார்த்தார். கல்லீரல் வீங்கியிருந்தது. கண் லேசாக மஞ்சள்.

திரும்பவும் அதே கிள்ளான் பஸ். பாக்கியத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில் வார்டைத் தவிர வேறு இடம் தெரியாது என்பதால் நான் கூடப் போனேன். ஸ்கேன் அறைக்கு வெளியே அதே பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வார்டில் அவர் படுத்திருந்த கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். மீனவர் கட்டிலிலும் வேறு ஆள். எங்கே போனார் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

கோவிந்தனுக்கு வீக்கம்தான், தழும்பு இன்னும் விழவில்லை என்றார் டாக்டர். இப்போது நிறுத்தினால் திரும்பச் சரியாக வாய்ப்பு இருக்கிறது. பாக்கியம் அங்கேயே கும்பிட்டாள். "அண்ணன் குடுத்த உயிரு இது, அக்கா" என்று என் தோளில் விழுந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்குள் சந்தோஷம் வரவில்லை. ஏன் இவனுக்கு நேரம் இருக்கிறது, ஏன் அவருக்கு இல்லை என்றுதான் ஓடியது. அவனை இரண்டு முறை வாசலில் போய்க் கூட்டிவந்தது அவர். தோள் கொடுக்கக்கூட வராதவன் இவன். வெட்கமான நினைப்புதான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கோவிந்தன் ஆஸ்பத்திரியில் இருந்தே நிறுத்தினான். நடுக்கம் தீர்ந்து, மஞ்சள் இறங்கி வீடு திரும்பினான். கொட்டகையில் இப்போது ஐந்தாறு பேர்தான். நானும் பாக்கியமும் டீ போடுகிறோம். வருவார்களா, நிற்பார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் இருந்த கொட்டகை இல்லை இது. யாரும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

வந்த புதிதில் கோவிந்தன் என் முகத்தைப் பார்க்க மாட்டான். கிளாஸை வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவான். ஒரு நாள் எல்லோரும் போன பிறகு கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்து நின்றான்.

"அண்ணி, என்னையப் பாத்தா ஒங்களுக்குக் கோவமா வருதா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் நல்ல நிறம் வந்திருந்தது. கண் வெள்ளையாக இருந்தது.

"வருதுப்பா" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கடைசிக் கிளாஸையும் கழுவிக் கவிழ்த்தேன்.

"நாளைக்கும் வா."